ஐந்தாவது வளையம்

தண்ணீர் சூடு அதிகம். விரல் பொறுக்கிற சூடுதான் நகைக்கு ஆகும், அதற்கு மேலே ஆகாது என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன், இன்றைக்கு ஃபிளாஸ்கிலிருந்து அப்படியே டிபன் டப்பா மூடியில் கொட்டிவிட்டு, விரலை விட்டுப் பார்த்து ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டார். ஆறட்டும். ஆறுகிற வரைக்கும் என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது, அதுதான் தாண்டவமூர்த்திக்குப் பெரிய தொல்லை. ஐம்பத்தொன்பது வயசுக்கு, அதிலும் முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற கூடத்தில் கழித்தவருக்கு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருவது என்றால் என்னவென்றே தெரியாது. மனைவி பர்வதத்தை எட்டேகாலுக்கு ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் வரைக்கும் கூடவே போனார். கதவு மூடுகிற நேரத்தில் அவள் தலையைத் தூக்கி என்னமோ சொல்ல வந்தாள், ஜெசிந்தா சிஸ்டர் "தலையத் தூக்காதீங்கம்மா" என்று அமுக்கிவிட்டார், கதவும் மூடிக்கொண்டது. அது என்ன? சாவி எங்கே என்றாளா? மங்கை வந்தால் சாப்பிடச் சொல் என்றாளா? மகள் மங்கை பூனாவிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருக்கிறாள், மத்தியானம் மதுரைக்கு வந்துவிடுவாள், அதுவரை போனும் பேசாது. சிஸ்டர் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைத் திணித்துவிட்டுப் போயிருந்தார். "எண்ணிப் பாத்துக்குங்க சார், அப்புறம் எங்களக் கேக்கக்கூடாது." தாலிச் சங்கிலி ஒன்று, தோடு ஒரு ஜோடி, மூக்குத்தி, வளையல் இரண்டு, மெட்டி நாலு, கழுத்தை ஒட்டிப் போடுகிற சின்னச் சங்கிலி ஒன்று. எண்ணினார். சரியாக இருந்தது. எண்ணி முடித்தபிறகும் நிமிஷம் நகரவில்லை. உடனே பையைத் துழாவி, ஷாம்பு பாக்கெட்டையும் பர்வதத்தின் பல் பிரஷ்ஷையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து நகை கழுவுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவராகத்தான் இருப்பார், இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்.

டாக்டர் நேற்று சாயங்காலம் படம் போட்டே காட்டினார். கழுத்துச் சுரப்பியில் கட்டி. அதில் ஒரு துண்டை எடுத்து உடனே சோதனைக்கு அனுப்புவார்களாம், உடம்பு திறந்திருக்கும்போதே முடிவு வந்துவிடுமாம். "சாதாரணக் கட்டின்னா பாதிச் சுரப்பிய மட்டும் எடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துல வெளிய அனுப்பிடுவோம். அதுக்கு மேல ஆச்சுன்னா முழுசா எடுக்கறோம்னு நீங்களே புரிஞ்சுக்கங்க சார்." "குரல்..." என்று இவர் ஆரம்பித்தார். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, "குரல் நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுது, பாத்துத்தான் செய்வோம்" என்றார். பாத்துத்தான் செய்வோம்! பார்க்காமல் செய்கிறவன் எவனாவது உண்டா? ஆனால் அந்த ஒரு கணக்கு தாண்டவமூர்த்திக்குப் பிடித்துப்போயிற்று. எட்டேகாலும் இரண்டும் பத்தேகால். பத்தேகாலுக்குள் லிஃப்ட் திறந்தால் நல்லது. அவ்வளவுதான் விஷயம். மனுஷனுக்குப் பிடிமானமாக ஒரு எண் இருந்தால் போதும். கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் கிடத்தினார். தண்ணீர் இருக்கிற இடத்தில் கடிகாரம் கையில் இருக்கக்கூடாது, அதுவும் ஒரு சட்டம். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம், கையால் சாவி கொடுக்கிற ரகம், இருபத்தெட்டு வருஷமாக ஒரே கடிகாரம். கூட வேலை பார்த்தவர்கள் நாலைந்து மாற்றிவிட்டார்கள், படி ஏறினால் எண்ணுகிறது, தூங்கினால் எண்ணுகிறது என்று ஏதேதோ கட்டிக்கொண்டு திரிகிறார்கள். இவருக்கு இதுதான். தினம் காலை ஆறு மணி, காப்பிக்கு முன்னால், இருபத்திரண்டு திருகு. இருபத்து மூன்றாவது திருகு திருகினால் அது முறைக்கும். ஸ்பிரிங்குக்கு வயசாகிவிட்டது, முன்னே ஒன்றரை நாள் தாங்கினது இப்போது இருபத்தெட்டு மணி நேரம்தான், அதனாலென்ன, ஆறு மணிக்கு ஆறு மணி சாவி கொடுத்தால் எங்கே நிற்கப்போகிறது? எட்டு நாற்பது. தண்ணீர் ஆறியிருந்தது.

மூக்குத்தியை முதலில் போட்டார். கடுகளவு கல், அதைப் பிடித்திருக்கிற கம்பி அதைவிடச் சின்னது. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இதைக் கழற்றுவதற்குள் ஒரு கூத்தே நடந்துபோயிற்று. சிஸ்டர் ஒருத்தி வந்து இழுத்துப் பார்த்தாள், பர்வதம் "அம்மா" என்று கத்தினாள். "நகருங்கம்மா, இது நம்ம வேலை" என்று இவர் போய், தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு வைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, உள்பக்கம் ஒரு விரல் வெளிப்பக்கம் ஒரு விரல் கொடுத்து, அரைத் திருகு, நிறுத்தி, இன்னும் அரைத் திருகு. வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கழற்றாத மூக்குத்தி. பர்வதம் கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "மூக்கே லேசாயிருச்சுங்க." அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை, சுற்றிலும் வெளுத்த தோல். தாண்டவமூர்த்திக்கு அதைப் பார்க்க என்னமோ மாதிரி இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குத்தியைத்தான் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கல் ஆடுகிறதா, கம்பி தேய்ந்திருக்கிறதா என்று. பார், அப்போதும் மூக்கைப் பார்க்கவில்லை, மூக்குத்தியைத்தான் பார்த்திருக்கிறாய். இந்த நினைப்பு எங்கேயிருந்து வந்து விழுந்தது என்று தெரியவில்லை, விழுந்ததும் பிரஷ் கையில் நின்றுவிட்டது. வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். தோட்டை எடுத்தார். தோட்டை முக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கிறதோடு சரி, கல்லுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கினால் ஒளி செத்துப்போகும். பர்வதத்தின் சித்திப் பெண் அப்படித்தான் வைரத்தோட்டைச் சோப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டு, மறுநாள் இவரிடம் கொண்டுவந்து அழுதாள். முத்து என்றால் இன்னும் மோசம், வியர்வையே ஆகாது, சென்ட் ஆகாது, எல்லாம் பூசி முடித்துக் கடைசியில்தான் போடவேண்டும், வந்ததும் முதலில் கழற்றவேண்டும். எல்லாம் தெரியும். எந்த நகைக்கு எது ஆகும் எது ஆகாது என்று இவருக்குத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். விசேஷத்துக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி கூடச் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "அண்ணன் கை பட்டாத்தான் பளிச்சுன்னு வருது." பர்வதம் உள்ளேயிருந்து, "ஆமா, அவரு கை நகைல மட்டும்தான் படும், ஒரு பாத்திரத்துல படாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார், லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டே.

தாலிச் சங்கிலி. அதை நேற்று படுக்கப்போகும் முன்பே கழற்றினாள், அதற்கு முன்னால் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டுதான் கழற்றினாள், வெறுங்கழுத்தாக ஒரு நொடி இருக்கமாட்டாள். காலையில் ஐந்தே முக்காலுக்கு சிஸ்டர் வந்து, கழுத்தில்தானே கத்தி வைக்கப்போகிறோம், கயிறும் கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பர்வதம் முகம் செத்துவிட்டது. சிஸ்டர் நல்ல மாதிரி, "கையில கட்டிக்குங்கம்மா, நான் ஒண்ணும் சொல்லல" என்றார். இவர்தான் கட்டினார், வலது மணிக்கட்டில். அவருடைய விரலுக்கு மயிரிழைத் திருகாணியெல்லாம் அடங்கும், இன்றைக்கு ஒரு மஞ்சள் கயிற்று முடிச்சு அடங்கவில்லை. மூன்று தரம் அவிழ்ந்தது. ஆறு மணிக்கும் அதற்கு மேலும் அந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பர்வதம் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்து, "விடுங்க, ரெட்டை முடிச்சாப் போடுங்க" என்றாள். சொன்னாளா, கரகரத்தாளா? குரல் ஆறு மாசமாகவே அப்படித்தானே இருந்தது. தொண்டை கட்டியிருக்கு என்று அவளே சொல்லிக்கொண்டாள். "பால்ல மிளகு போட்டுக் குடி" என்று சொன்னது யார்? நீதான். குடித்தாள், பாவி, மூன்று வாரம் ராத்திரி ராத்திரி குடித்தாள். மாத்திரை விழுங்கினால் அடைக்கிறது என்றாள். தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கு என்றாய். என்ன கேட்டாலும் உன்னிடம் ஒரு பதில் தயாராக இருந்ததே. தாண்டவமூர்த்தி தாலிச் சங்கிலியைக் கண்ணிகண்ணியாகத் தேய்த்தார், மூடித் தண்ணீர் கலங்கி மஞ்சளாகிவிட்டது. மஞ்சள், பவுடர், சோப்பு, வியர்வை, அடுப்பங்கரைப் புகை. பர்வதம் கரைந்து இறங்கியிருக்கிறாள். இதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்கவேண்டும், வாஷ்பேசின் மூன்றடியில்தான் இருக்கிறது. எழுந்தார், மூடியைத் தூக்கிக்கொண்டு போனார், கவிழ்க்கக் கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டப்பாவின் அடிப்பாகத்தில் வேறு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பைத்தியம்தான், யாரும் பார்க்கவில்லை. ஒன்பது இருபத்தைந்து.

இனிக் கழுவ மிச்சம் இருப்பது அந்தச் சின்னச் சங்கிலி ஒன்றுதான், வளையலுக்கும் மெட்டிக்கும் துணி போதும். அதைத் தொடாமலே இருந்துவிட முடியுமானால் நன்றாக இருக்கும். ஆனால் ஐம்பது நிமிஷம் கிடக்கிறதே. எடுத்தார். மங்கை பிறந்த வருஷம் வாங்கினது, கழுத்துக் குழியை ஒட்டி நிற்கும், பதினாறேகால் அங்குலம். பின்னால் ஒரு கொக்கி, அதை மாட்ட மூன்று வளையம். முதல் வளையத்தில் மாட்டினால் கழுத்தோடு ஒட்டும், மூன்றாவதில் மாட்டினால் தொளதொளக்கும். பர்வதத்துக்கு எப்போதும் முதல் வளையம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கழற்றிக் கொடுப்பாள், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் அதைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார். வேலைக்குப் போகிற காலத்திலும் இதில் மாற்றமில்லை, ஆபீசுக்கு அரைமணி தாமதம் வெள்ளிக்கிழமை என்றால் மேலதிகாரிக்கே பழகிவிட்டது. ஈரத்தலையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். கழுத்தைக் குனிந்து கொடுப்பாள். சீயக்காய் வாசனை. இவர் பின்னாலிருந்து கொக்கியை வளையத்தில் மாட்டுவார். இருபத்தைந்து வருஷம், வாரம் ஒரு தரம். வேறு எந்தப் புருஷன் இப்படிச் செய்கிறான் சொல் பார்ப்போம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கொக்கி எட்டவில்லை. "ஏங்க, பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இரண்டாவது வளையத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு என்ன செய்தார் தெரியுமா அந்தப் புத்திசாலி? மறுவாரம் சங்கிலியை ஸ்கேல் வைத்து அளந்தார். பதினாறேகால், மயிரிழை குறையவில்லை. "சங்கிலி சரியாத்தான் இருக்கு பர்வதம், உனக்குத்தான் மனசுப் பிரமை." தீபாவளிக்கு மூன்றாவது வளையம். "சாப்பாட்டக் கொஞ்சம் குறைச்சுக்க" என்று சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே கழுத்தைத் தடவிக்கொண்டாள். கை இருந்த இடம் இப்போது தெரிகிறது, நடுவில், கொஞ்சம் வலது பக்கமாக. அன்றைக்குக் கண் எங்கே போயிருந்தது?

தை மாசத்தில் மூன்றாவதும் பற்றவில்லை. ஆசாரியிடம் கொண்டுபோனார். இரண்டு வளையம் சேர்த்துக் கொடு, பழைய வளையத்தின் கனத்துக்கே இருக்கணும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினார். ஆசாரி ஊதுகுழலை வைத்துவிட்டு, "என்ன சார், அம்மாவுக்குக் கழுத்து பூரிச்சுப்போச்சா, நல்லாக் கவனிக்கிறீங்கபோல" என்றான். இவர் ஹாஹா என்று சிரித்தார். சிரித்தாயே. அந்தச் சிரிப்பை இப்போது வாயில் கைவிட்டுப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது. சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டி, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பாரு, ஒட்டுப்போட்டதே தெரியல" என்று பெருமையடித்துக்கொண்டார். அவளும் பார்த்தாள். "தெரியலதாங்க" என்றாள். பங்குனியில் ஐந்தாவது வளையம். முப்பத்திரண்டு வருஷம் ஜனங்கள் வந்து கவுன்ட்டரில் நின்று கத்துவார்கள், மீட்டர் தப்பா ஓடுது சார், எங்க வீட்ல அவ்வளவு எரியல சார் என்று. இவர் மீட்டரைச் சோதித்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான் சொல்வார். "மீட்டர் சரியா இருக்கு. அப்பக் கூடியிருக்கிறது உங்க வீட்ல. அங்க போய்ப் பாருங்க." ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார், இரண்டாயிரம் பேருக்கு. ஒருத்தருக்குச் சொல்லவில்லை. சங்கிலி சரியாக இருக்கிறது என்று அளந்து கண்டுபிடித்த அன்றைக்கே மிச்ச பாதி வாக்கியம் தானாக வந்திருக்கவேண்டாமா? அங்கே போய்ப் பார் என்று. அங்கே என்றால் எவ்வளவு தூரம்? நான்கு விரற்கடை. கொக்கி மாட்டுகிற விரலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியிருந்தால் தட்டுப்பட்டிருக்கும். சித்திரையில் மங்கை போனில் முகம் பார்த்துப் பேசினாள். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, படம் உறைந்து உறைந்து நிற்கிறது, அதிலும் அவள் ஒரே நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். "அம்மா, கழுத்து என்னம்மா இப்படி இருக்கு? அப்பா, நீங்க பாக்கவேயில்லையா?" பூனாவிலிருந்து தெரிந்திருக்கிறது. ஒன்பது மாசம், வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எத்தனை வெள்ளிக்கிழமை? நாற்பதுக்குப் பக்கம். நாற்பது தரம் அந்தக் கழுத்து குனிந்து கொடுத்திருக்கிறது. அவர் வளையத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிரஷ்ஷால் வளையங்களைத் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எல்லாம் எழுதி வைத்த மாதிரி தெரிகிறது. முதல் வளையம் கொக்கி உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து நூலாகியிருக்கிறது. இரண்டாவதில் லேசான தேய்மானம். மூன்றாவதில் இன்னும் குறைவு. நாலாவது, ஐந்தாவது இரண்டும் புதுசு, ஆசாரி கொடுத்த பளபளப்புக்கூடப் போகவில்லை. கடவுளே, பத்தேகாலுக்குள் லிஃப்ட் திறக்கட்டும். பாதியோடு போகட்டும். இந்த இரண்டு வளையத்தையும் நானே வெட்டி எடுத்து உண்டியலில் போட்டுவிடுகிறேன், நகையை இனிமேல் தொடவே மாட்டேன், இல்லை, தொடாமல் இருக்கமாட்டாய், பொய் சத்தியம் பண்ணாதே, சரி, பார்த்துத் தொடுகிறேன். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஏழு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது. எட்டு நிமிஷம் என்பது சின்ன விஷயமில்லை, தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் எப்படி இருக்கும்? அவளுக்குப் பாட்டெல்லாம் வராது, குரல் ஒன்றும் தேன் குரலும் கிடையாது, அடுப்பங்கரையிலிருந்து "ஏங்க" என்று ஒரு கூப்பாடு போட்டால் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஏங்க. ஏங்க, கேஸ் தீர்ந்துருச்சு. ஏங்க, இந்த டப்பா திறக்கல. ஏங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்களேன். இவர் ஜன்னலோரம் மேஜையில், கண்ணில் லென்ஸ், கையில் சாமணம், யாருடைய திருகாணியோ. தலையைத் தூக்காமல் ஒரே பதில், "இரு, வர்றேன்." போவார், போகாமல் இருந்ததில்லை, ஆனால் போவதற்குள் டப்பாவை அவளே திறந்திருப்பாள். இங்க ஒரு நிமிஷம் வாங்களேன் என்று கூப்பிட்டாளே, அது எந்த மாசம்? போனபோது கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், முகவாயைத் தூக்கிக்கொண்டு. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, போங்க, உங்க வேலையப் பாருங்க" என்றாள். திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். அந்தத் திருகாணிகூட நினைவிருக்கிறது, எதிர் வீட்டு மருமகளுடையது, மரை தேய்ந்தது. பர்வதத்தின் முகம் நினைவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது சொல்ல வந்தது இதைத்தானோ? இல்லை, குற்றம் சொல்கிற ஜாதியில்லை அவள். அதுதான் இன்னும் குத்துகிறது, ஒரு தரம் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. சங்கிலியைத் துடைத்தார், ஒரு தரம், இரண்டு தரம், கொக்கியைத் தனியாக. வராந்தாவில் சாப்பாட்டு வண்டி உருண்டு போகிற சத்தம், சாம்பார் வாசனை. ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரம்தான், பத்து மணிக்கே சாப்பாடு. கடிகாரம், பத்து ஏழு. பார், நிமிஷமே ஓடவில்லை, மனசு பறக்கிற வேகத்துக்கு நிமிஷம் ஓடுமா? இன்னும் எட்டு நிமிஷம் அப்படியே இருக்கிறது. அவருக்கு அப்பாடா என்று இருந்தது. காலையிலிருந்து முதல் தரமாக முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார், வளையலைத் துணியில் உருட்டி உருட்டித் துடைத்தார், மெட்டியைக்கூட நாலையும் நிதானமாகத் துடைத்து வரிசையில் அடுக்கினார். நல்லபடியாக முடியும் என்று ஒரு நம்பிக்கை அவருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"சார், இன்னும் சாப்பிடலையா?" ஜெசிந்தா சிஸ்டர் கதவில் நின்றார். "எழுந்திருங்க, அம்மாவக் கொண்டாந்து மயக்கம் தெளியற வார்டுல போட்டிருக்கு. கண் முழிச்சுட்டாங்க. ரெண்டே நிமிஷம் பாத்துட்டு வந்துடணும்." தாண்டவமூர்த்தி எழுந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா சிஸ்டர், டாக்டர் சொன்னபடியே ரெண்டு மணி நேரத்துக்குள்ள!" சிஸ்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன ரெண்டு மணி நேரம்? மணி பன்னண்டரை ஆகுது சார். முழுசா எடுத்திருக்காங்க. டாக்டர் வந்து விவரமாச் சொல்லுவாரு." இவர் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டை மேல் கடிகாரம் பத்து ஏழு என்று கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தார். சத்தமில்லை. நேற்றுக் காலை ஆறு அடித்துச் சில நிமிஷத்தில் கொடுத்த சாவி. இன்றைக்கு ஆறு மணிக்கு மஞ்சள் கயிறு. இருபத்தெட்டு மணி நேரம், கணக்குப் பிசகாமல் நின்றிருக்கிறது, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நின்றுபோன முள்ளைப் பார்த்துக்கொண்டே இரண்டேகால் மணி நேரம் நம்பிக்கையோடு மெட்டி துடைத்திருக்கிறார். அங்கே அவளைத் திறந்து முழுசாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இங்கே இவருக்கு இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. "சார், விழுந்துறாதீங்க" என்று சிஸ்டர் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடுவித்துக்கொண்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். நின்ற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார், அது ஒரு பழக்கம்.

வார்டில் ஆறு கட்டில். மூன்றாவதில் பர்வதம். தோடு இல்லை, மூக்குத்தி இல்லை, முகம் யாரோ வேற்று ஊர்ப் பெண்ணுடையது மாதிரி இருந்தது. கழுத்தில் வெள்ளைக் கட்டு, அதிலிருந்து ஒரு குழாய். தாண்டவமூர்த்தி அந்தக் கழுத்தைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவருக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. "பர்வதம்" என்றார். அவள் கண்ணைத் திறந்தாள், தேடினாள், பார்வை இவர்மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "பேசாதீங்கம்மா" என்று பக்கத்து சிஸ்டர் சொன்னாள். இவர் அந்த சிஸ்டரைப் பார்த்தார். "குரல் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது சார், சில பேருக்கு நாளாகும்" என்றாள். பர்வதத்தின் வலது கை போர்வையிலிருந்து மெல்ல வெளியே வந்தது, மணிக்கட்டில் இவர் போட்ட ரெட்டை முடிச்சு. அந்தக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, காற்றில் எதையோ திருகிக் காட்டின. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கிற்று, கடிகாரத்துக்குச் சாவி. லிஃப்ட்டில் தலையைத் தூக்கிக்கொண்டு சொல்ல வந்தது இதுதான். காலையில் குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஆறு மணி தாண்டிவிட்டதையும் பார்த்திருக்கிறாள். கழுத்தில் கத்தி வைக்கப்போகிற நேரத்திலும் அவளுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாகத் தான் மட்டும் செய்கிற காரியம் என்று இவர் நினைத்திருந்தாரே, ஒரு நாள்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை. "இல்ல பர்வதம்" என்றார். "மறந்துட்டேன். இன்னைக்கு மறந்துட்டேன். நான் பாக்கவே இல்ல பர்வதம், எதையும் பாக்கல." அவள் கண்ணோரம் சுருங்கியது, சிரிப்பா வலியா தெரியவில்லை. உதடு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லாமலே அவருக்குத் தெரிந்தது, வாயின் வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது. ஏங்க.

"இரு, வர்றேன்" என்றார் தாண்டவமூர்த்தி, கட்டிலை ஒட்டி நின்றுகொண்டே.